உம்மணாமூஞ்சிக்கு நான்கு சொட்டு எலுமிச்சை

"கூட்டத்தில் வாயே திறக்காத பிள்ளைக்கு மூளை மந்தமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். மந்தமில்லை. கொஞ்சம் அதிகமாகவே விழித்திருக்கும் மூளையாக இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிகளைத் தேடி விமானத்தில் ரேடார் திரை பார்த்தவர்கள் நேரம் ஆக ஆகக் கோட்டை விட்டார்கள். கேம்பிரிட்ஜில் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். எண்களே இல்லாத வெள்ளை முகப்பு; கறுப்பு முள் நொடிக்கு ஒரு தாவல், சுற்றுக்கு 100 தாவல். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் வரும், உடனே பொத்தானை அழுத்த வேண்டும். தனி அறையில் இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணி நேரம் கடந்ததுமே தவறுகள் கூடின (1948). பென்செட்ரின் என்ற ஊக்க மருந்து கொடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. சோர்ந்தது கண் அல்ல, மூளையின் விழிப்பு.

கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் உள்முக சுபாவக்காரர்களுக்கு (introvert) இந்த விழிப்பு இயல்பிலேயே தூக்கலாக இருக்கிறது, மூளைத்தண்டின் வலைப்பின்னல் அதை ஏற்றிவைக்கிறது என்றார் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் (1967). அவர் கணக்கில், அதனால்தான் சந்தடி அவர்களுக்குத் திகட்டுகிறது, ரேடார் திரை பார்ப்பதுபோன்ற சலிப்பான காவல் வேலை தாங்குகிறது.

இதை வீட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். இருபுறமும் பஞ்சுள்ள காது குச்சியின் நட்டநடுவில் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தராசுபோல் கிடையாக நிற்க வேண்டும். ஒரு முனையை நாக்கில் 20 நொடி வைத்து எடுங்கள். பிறகு நாக்கில் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு. மறுமுனையை அதே இடத்தில் 20 நொடி. மறுபடி தொங்கவிட்டால், உள்முகக்காரரின் குச்சி சாறு பட்ட பக்கம் நன்றாகச் சாயும். அதே நான்கு சொட்டுக்கு அவருக்கு எச்சில் அதிகம் ஊறுகிறது. மற்றவரின் குச்சி அவ்வளவாகச் சாயாது.

நூல் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் கணக்கு கெடும். சாப்பிட்ட கையோடு செய்யாதீர்கள். காலையில் செய்வது நல்லது, மாலையில் இந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. ஒரே ஒருவரை வைத்து முடிவு கட்டவும் கூடாது. பலரின் சராசரியில்தான் இது தெளிவாகத் தெரியும். ஆனாலும், கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் சுபாவத்தைச் சொல்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குபவர்களைவிட இந்த அரை மூடி எலுமிச்சை எவ்வளவோ நாணயமானது.

காவல் வேலையிலும் உள்முகக்காரரின் கை சற்றே ஓங்கியிருக்கிறது; பெரிய இடைவெளி இல்லை. மேக்வொர்த்தின் ஆட்கள் அரை மணி பார்த்து அரை மணி ஓய்ந்தபோது கவனம் குறையவே இல்லை. அந்த ஓய்வு வாய் பேசாத பிள்ளைக்கும் வேண்டும்.