சின்ன ரிவால்வருக்கு என்ன மாட்டலாம், எதத் தொடவே கூடாது

நான் டெக்ஸாஸ்ல ஹேண்ட்கன் கிளாஸ் எடுக்குற ஆளு. கிளாஸுக்கு வர்ற நம்மாளுங்கள்ல நெறைய பேரு துப்பாக்கி வாங்குறதுக்கு முன்னாடியே அதுக்கு மாட்டுற சாமானெல்லாம் ஆன்லைன் கார்ட்ல போட்டு வச்சிட்டுத்தான் வருவாங்க. லேசர், பெரிய ரப்பர் கிரிப் (கைப்பிடி), யூட்யூப்ல யாரோ சொன்ன ஸ்பிரிங் கிட்டு. வாங்கப் போறது என்னமோ அரை கிலோ கூட இல்லாத, அஞ்சு ரவுண்டு போடுற ஒரு குட்டி ரிவால்வர்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா மாசத்துக்கு ஒருத்தராவது இத கேக்குறாங்க. ஹெச்1பி, எஃப்1 மாதிரி விசால இருக்கவங்க ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியும் வச்சிக்கக் கூடாது தோட்டாவும் வச்சிக்கக் கூடாது, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும்தான் இருக்கு. ஃப்ரெண்டோட துப்பாக்கிய ரேஞ்சுல வாங்கி நாலு ரவுண்டு சுட்டுப் பாக்குறதும் இதுல அடங்கும். கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல. 2021 செப்டம்பர்லேர்ந்து டெக்ஸாஸ்ல லைசென்ஸ் இல்லாமலே ஹேண்ட்கன் வச்சிட்டுப் போகலாம்னு வந்ததுல, அப்ப எல்லாருக்கும் ஓகேன்னு நெனச்சிக்கிறாங்க. அது மாநில சட்டம், ஃபெடரல் தடை அப்படியேதான் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நான் சொல்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஜே ஃபிரேம், ரூகர் எல்சிஆர் இந்த சைஸ் துப்பாக்கிகளப் பத்தி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ல 642ன்னு ஒரு மாடல், .38 ஸ்பெஷல்ங்கிற தோட்டா, அலுமினிய ஃபிரேம், ரெண்டு இஞ்சுக்கும் கம்மியான பேரல், எடை சுமார் 410 கிராம். இதுல தோட்டாவ அடிச்சு வெடிக்க வைக்கிற ஹேமர் உள்ளயே மறைஞ்சிருக்கும், துணில மாட்டாது. பாக்கெட்டுல போட்டா இருக்கறதே தெரியாது, அதுக்காகத்தான் இத வாங்குறோம். அதனால எத மாட்டுறதுக்கு முன்னாடியும் நான் கேக்கச் சொல்றது இதுதான்: இது மாட்டினா வெளிய எடுக்க லேட் ஆகுமா, எடுத்த பிறகு சுடாமப் போக வாய்ப்பு இருக்கா? ரெண்டுல எதுக்காவது ஆமான்னா வேண்டாம்.

மொத செலவு கிரிப்புக்குத்தான். லேசான துப்பாக்கி, ஒதை ஜாஸ்தி, கிரிப்போட பின்பக்க உலோகம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வந்து இடிக்கும், பத்து ரவுண்டுக்கு அப்புறம் பல பேரு கண்ண மூடிக்கிட்டு சுடுவாங்க. உடனே பெரிய ரப்பர் கிரிப்பா பாத்து வாங்குறது. என் கிளாஸுக்கு ஒரு அக்கா வந்தாங்க, மதுரைப் பக்கம், கை சின்னது. கடைக்காரர் பின்பக்கத்தயும் சேத்து மூடுற தடிமனான ரப்பர் கிரிப்ப மாட்டிக் கொடுத்திருந்தாரு. ஒதை கொறஞ்சிருச்சு, அது உண்மை. ஆனா கைக்கும் ட்ரிகருக்கும் நடுவுல தூரம் கூடிப்போச்சு, விரல் நுனிதான் எட்டுது, இந்த மாதிரி துப்பாக்கில ட்ரிகர இழுக்க சுமார் 12 பவுண்டு பலம் வேணும், நுனி விரலால அத இழுக்கும்போது மொத்தத் துப்பாக்கியும் ஒரு பக்கமா திரும்பிடுது. அவங்க சுட்டதெல்லாம் டார்கெட்டோட ஓரத்துலயே போயிட்டு இருந்துச்சு. பின்பக்கம் திறந்த சின்ன கிரிப்ப மாத்திக் கொடுத்தோம், அன்னிக்கே குண்டு விழுற இடமெல்லாம் நடுவுக்கு வந்துருச்சு. கை வலிக்குதுன்னாங்க, வலிக்கும்தான், ஒதை கம்மியா இருக்குற லேசான லோடு தோட்டால பழகுங்கன்னு சொன்னேன்.

பெரிய கை உள்ளவருக்கு இதே கதை தலைகீழ், அவருக்கு அந்தத் தடி கிரிப்பே சரி. சின்ன கிரிப்ல சுண்டுவிரலுக்கு இடம் இல்லாம அடில தொங்கினாலும் பரவாயில்ல, பழகிடும். பாக்கெட்டுல வைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு, மெத்து மெத்துன்னு இருக்குற ரப்பர் கிரிப், பேண்ட் துணியோட ஒட்டிக்கிட்டு வரும், சட்டையயும் தூக்கிப் பிடிக்கும், மரமோ வழவழப்பான பிளாஸ்டிக்கோ சறுக்கிக்கிட்டு வந்துரும். வாங்கும்போது கிரிப்போட இடது பக்க மேல் ஓரத்தப் பாருங்க, அங்க செதுக்கி எடுக்காம விட்டிருந்தா சுட்ட பிறகு மிஞ்சுற காலி கேஸ் (தோட்டாக் கூடு) வெளிய விழும்போது அதுல போய் முட்டும், எல்லாத் தோட்டாவையும் ஒண்ணா ஏத்துற ஸ்பீட் லோடரும் உள்ள போகாது. கடைல நின்னே தோட்டா போடுற சிலிண்டர திறந்து பாத்துடலாம்.

ரெண்டாவது ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை. கிரிப்புக்கு அறுபது டாலர் யோசிக்காம போடுறவங்க இதுக்கு மட்டும் கணக்குப் பாப்பாங்க, எனக்குப் புரிஞ்சதே இல்ல. பாக்கெட் ஹோல்ஸ்டர்னா ட்ரிகர் கார்ட (ட்ரிகர சுத்தி இருக்குற வளையம்) முழுசா மூடணும், துப்பாக்கிய இழுக்கும்போது ஹோல்ஸ்டர் உள்ளயே நிக்கணும், அந்த பாக்கெட்டுல சாவி, சில்லறை, பேனா எதுவும் கூட இருக்கக் கூடாது. ஹோல்ஸ்டரே இல்லாம இடுப்புல மாட்டுற கிளிப் விக்கிறாங்க, அதுல ட்ரிகர் திறந்தே கிடக்கும், நான் வேண்டாம்னுதான் சொல்வேன். சல்வார்ல பாக்கெட் கிடையாது, அதனால நம்ம பெண்கள் ஹேண்ட்பேக்குல போட்டுக்கிறாங்க, லிப்ஸ்டிக், சீப்பு, பாப்பாவோட கிரேயான் எல்லாத்தோடயும். அப்படியே வைக்கணும்னா பேக்குல அதுக்குன்னு தனி அறை இருக்கணும், அதுக்குள்ளயும் ஹோல்ஸ்டர் வேணும், அந்த பேக்க கடை டிராலில விட்டுட்டு காய்கறி எடுக்கப் போகக் கூடாது. வயித்தச் சுத்தி கட்டுற பெல்லி பேண்ட் இதவிட எவ்வளவோ மேல்.

இப்ப உள்ள இருக்குற சமாச்சாரம். ட்ரிகர் கனமா இருக்குன்னு ஸ்பிரிங் கிட்டு வாங்கி வீட்லயே மாத்துறாங்க, பக்கவாட்டு மூடியான சைடு பிளேட்ட ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்த தழும்போட துப்பாக்கி நெறைய பாத்திருக்கேன். ஹேமர தள்ளுற மெயின் ஸ்பிரிங்க லேசாக்கினா ஹேமர் அடிக்கிற வேகம் கொறையும், தோட்டாவோட அடில இருக்குற, அடிச்சா தீப்பிடிக்கிற பிரைமர் வெடிக்காமப் போகலாம். ஃபெடரல்ங்கிற கம்பெனியோட தோட்டால பிரைமர் லேசா அடிச்சாலே வெடிக்கிற மாதிரி இருக்கும், அதுல சுட்டுப் பாத்தா எல்லாம் சூப்பரா வெடிக்கும், அப்புறம் ஸ்டாக் இல்லன்னு வேற கம்பெனி தோட்டா போட்டா அஞ்சுல ஒண்ணு கிளிக்குன்னு மட்டும் சொல்லும். ட்ரிகர் திரும்பி வர்றதுக்கு உதவுற ஸ்பிரிங்க லேசாக்கினா வேற பிரச்சனை, வேகமா சுடும்போது ட்ரிகர் முழுசா முன்னாடி வராம பாதில நின்னுடும். பேப்பர் டார்கெட் சுடுறவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். தற்காப்புக்கு வச்சிருக்கவங்களுக்கு அப்படி இல்ல. கனமான ட்ரிகருக்கு மருந்து ஸ்னாப் கேப் (டம்மி தோட்டா) போட்டு தினமும் கொஞ்ச நேரம் வீட்ல டிரை ஃபயர், அதாவது வெறுமனே ட்ரிகர இழுத்துப் பழகுறதுதான், நெஜத் தோட்டாவெல்லாம் அடுத்த ரூம்ல இருக்கணும். சில மாசத்துல விரலும் பழகும், பாகங்களும் தேய்ஞ்சு கொஞ்சம் வழுவழுன்னு ஆகும். அப்படியும் முடியலன்னா நல்ல கன்ஸ்மித்துகிட்ட கொடுங்க, ஸ்பிரிங்க தொடாம பாலிஷ் மட்டும் பண்ணித் தருவாரு. விரல்ல வலு இல்லாதவங்களுக்கு எல்சிஆரோட ட்ரிகர் ஃபேக்டரியிலேர்ந்தே லேசா இருக்குற மாதிரி தெரியும், அதையும் இழுத்துப் பாருங்க.

சாவி போட்டு பூட்டுற உள் லாக்க கழட்டி எறியிறதும் எனக்குப் பிடிக்காது. நாளைக்கு கோர்ட்ல ஒரு வக்கீல் எந்திரிச்சு பாதுகாப்புக்குன்னு கம்பெனி வச்சத நீங்களே ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? பிடிக்கலன்னா லாக் இல்லாமலே வர்ற 642 இருக்கு, அத வாங்குங்க. 1920கள்ல கோல்ட் (Colt) துப்பாக்கி கம்பெனில இருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட்னு ஒருத்தர் ட்ரிகர் கார்டோட முன்பக்கத்தயே வெட்டி எடுத்து ரிவால்வர் பண்ணிக் கொடுத்தாரு, பழைய ஆளுங்க இன்னும் அத பெருமையா சொல்வாங்க, காப்பி அடிக்காதீங்க. மண்டை ஓடு, வீர வசனம் இதெல்லாம் பொறிக்கிறதும் வேண்டாம். 2016ல அரிசோனா மாநிலத்துல மேசாங்கிற ஊர்ல ஒரு போலீஸ்காரர் ஹோட்டல்ல ஆயுதம் இல்லாத ஒருத்தர சுட்டுக் கொன்னாரு, அவரோட ரைஃபிள்ல பொறிச்சிருந்த கெட்ட வார்த்தை செய்தி முழுக்க வந்துச்சு. ஜட்ஜ் அத ஜூரிக்கு காட்ட விடல, 2017ல அவரு விடுதலையும் ஆனாரு, ஆனா எல்லா ஜட்ஜும் அப்படியே முடிவு பண்ணுவாங்கன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

குறி பாக்குற சைட் விஷயத்துல செலவே வேண்டாம். முன் சைட்ட நெயில் பாலிஷ் ரிமூவரால தொடச்சு, மொதல்ல வெள்ளை, காஞ்சதும் மேல பளிச்சுன்னு ஆரஞ்சு நெயில் பாலிஷ் ஒரு கோட், அவ்வளவுதான், மங்கல் வெளிச்சத்துல நல்ல வித்தியாசம் தெரியும். கும்மிருட்டுல உதவாது, அதுக்கு தானே ஒளிர்ற டிரிட்டியம் சைட் வேணும், ஆனா பல மாடல்ல முன் சைட் பேரலோடயே சேர்ந்த ஒரே துண்டு, மாத்த முடியாது. லேசர் கிரிப் கெட்டதில்ல, குனிஞ்சோ கீழ விழுந்தோ சைட்ட பாக்க முடியாத நேரத்துக்கு உதவும், டிரை ஃபயர் பண்ணும்போது கை ஆடுறதயும் காட்டிக் கொடுக்கும். ஆனா கிளாஸுக்கு வர்ற லேசர்ல நெறைய பேட்டரி செத்துப்போயிருக்கும், ஓனருக்கே தெரியாது. பொறந்தநாளுக்கு பேட்டரி மாத்துறதுன்னு வச்சிக்கோங்க. லைட்ட துப்பாக்கில மாட்டாதீங்க, தனி டார்ச் இன்னொரு கைல இருக்கட்டும், ஏன்னா சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல சூடான வாயு பீச்சி அடிக்கும், லைட் ஸ்விட்ச தேடி விரல் அங்க போனா கிழிச்சிரும்.

திரும்பத் தோட்டா போடுறதுக்கு, தோட்டாவ வரிசையா பிடிச்சு வைக்கிற ஸ்பீட் ஸ்ட்ரிப் போதும், தட்டையா இருக்கும், பாக்கெட்டுல தெரியாது. ஸ்பீட் லோடர் வேகம்தான், ஆனா உருண்டையா புடைச்சிக்கிட்டு நிக்கும். எதுவா இருந்தாலும் காலி கேஸ் முழுசா விழணுமே, இந்தக் குட்டி ரிவால்வர்ல கேஸ வெளிய தள்ளுற எஜெக்டர் ராடு நீளம் கம்மி, அதனால பேரல வானத்தப் பாத்து வச்சு அந்த ராட உள்ளங்கையால ஒரே அடி அடிக்கணும். கீழ சாச்சு அடிச்சா எரியாத வெடிமருந்துத் துகள், ராடோட சேந்து கேஸ தூக்குற நட்சத்திர வடிவ ஸ்டாருக்கு அடில போய் உக்காந்துக்கும், சிலிண்டர் மூடாது, மூடினாலும் இறுக்கமா சுத்தும். பழைய டூத் பிரஷ்ஷால அந்த ஸ்டாருக்கு அடில தேய்ச்சு விடுங்க, எண்ணெய் விடாதீங்க, எண்ணெயில தூசி இன்னும் ஒட்டும். அப்படியே ராடு லூஸாகியிருக்கான்னும் விரலால திருகிப் பாருங்க.