மங்கிய முகம், மறைந்த முகம்

மேசையில் இரண்டு பழைய புகைப்படங்கள் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பழுப்பேறி வெளிறிவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் நாலைந்து பேர் வரிசையாக நிற்பதே தெரிகிறது. மற்றது இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எப்போதோ மடித்து வைத்ததில் ஒருவர் முகத்தின் மேல் மட்டும் படலம் உதிர்ந்து வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கிறது. இரண்டில் எதைக் காப்பாற்றுவது எளிது என்று கேட்டால் பெரும்பாலோர் இரண்டாவதைக் காட்டுவார்கள். சீரமைக்கும் வேலை தெரிந்தவர் யோசிக்காமல் முதல் படத்தை எடுத்துக்கொள்வார்.

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் மை கிடையாது. தாளின் மேல் மெல்லிய ஜெலட்டின் படலம் இருக்கிறது. அதற்குள் உலோக வெள்ளியின் நுண்துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. துகள்கள் நெருங்கிய இடம் கறுப்பாகவும் அவை இல்லாத இடம் வெள்ளையாகவும் தெரிகிறது. படத்தைக் கழுவும்போது பயன்படுத்திய ஹைப்போவை, அதாவது சோடியம் தயோசல்பேட்டை, நன்றாக அலசி நீக்காவிட்டால் தங்கிப்போன கந்தகம் மெல்ல வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகும். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாவது இப்படித்தான். சில படங்களைச் சாய்த்துப் பிடித்தால் இருண்ட பகுதிகளில் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு தெரியும். ஈரமும் மாசடைந்த காற்றும் வெள்ளியை அயனியாகக் கரைத்து மேற்பரப்புவரை கொண்டுவந்து, அங்கே மீண்டும் உலோகமாகப் படியவைத்ததன் அடையாளம் அது.

வண்ணப் படங்களின் நோய் வேறு. கழுவி முடித்த வண்ணப் படத்தில் வெள்ளி மிஞ்சுவதில்லை. சியான் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று சாய அடுக்குகளே படத்தைத் தாங்குகின்றன. அவை ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. ஆல்பத்தின் இருட்டில் கிடந்த பழைய படங்கள் பலவற்றில் சியான் முதலில் போய்விடுகிறது. எல்லோரும் செவ்வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல் தெரிவது அதனால்தான்.

இனி அந்த மங்கிய படத்துக்கு வருவோம். கணினியைப் பொறுத்தவரை படம் என்பது எண்களின் கட்டம். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. புதிதாக இருந்தபோது இந்த வீச்சு முழுவதையும் நிரப்பிய படம், இன்று 150-க்கும் 200-க்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஆனால் மூக்கின் நிழலுக்கும் கன்னத்துக்கும் இடையிலான வேறுபாடு அழிந்துவிடவில்லை, சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நம் கண்ணுக்கு எட்டாத அந்தச் சிறு வேறுபாட்டை ஸ்கேனர் அளந்துவிடும். 150-ஐ 0 ஆகவும் 200-ஐ 255 ஆகவும் இழுத்து விரித்தால் போதும், மூடுபனி விலகியதுபோல் முகங்கள் வெளியே வரும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு இது மாயவித்தையாகத் தோன்றும். உண்மையில் பள்ளிக்கூடக் கணக்கு.

ஒரு சிக்கல் உண்டு. ஐம்பது படிகளை இருநூற்றைம்பத்தாறாக விரித்தால் இடையிடையே வெற்றிடம் விழும்; வழவழப்பான கன்னம் படிக்கட்டுபோலத் தெரியும். அதனால்தான் பழைய படங்களை 16 பிட்டில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். அதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 65,536 படிகள். நம் மங்கிய படத்தின் குறுகிய வீச்சுக்குள்ளேயே சுமார் 12,800 படிகள் கிடைத்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணப் படமாகவே ஸ்கேன் செய்வது நல்லது. அப்போது சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் தனித்தனித் தடங்களாகப் பதியும். மஞ்சள் நீல ஒளியை உறிஞ்சும்; எனவே மஞ்சளாய் மங்கிய உருவம் நீலத் தடத்தில்தான் மிகத் தெளிவாக நிற்கும். அதே காரணத்தால், படத்தின் மேல் படிந்த மஞ்சள் கறை சிவப்புத் தடத்தில் ஏறக்குறைய காணாமல் போகும். பாதிச் சீரமைப்பு தடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடும்.

நுணுக்க அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 86 லட்சத்து 40 ஆயிரம் பிக்சல்கள் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் தாளின் சொரசொரப்புதான் பெரிதாகும். உலகில் முதன்முதலாகக் கணினிக்குள் ஸ்கேன் செய்யப்பட்ட படமும் ஒரு குடும்பப் படம்தான். 1957-இல் அமெரிக்கப் பொறியாளர் ரஸ்ஸல் கிர்ஷ் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தை அப்படி மாற்றினார். 176-க்கு 176 பிக்சல், மொத்தமே 30,976. ஆனாலும் அது குழந்தை என்று பார்த்தவுடன் தெரிகிறது.

ஒரு காலத்தில் ஸ்டுடியோக்கள் தேன்கூடு போன்ற புடைப்புகள் கொண்ட தாளில் படம் போட்டுத் தந்தன. கையில் அழகாக இருக்கும் அந்தத் தாள் ஸ்கேனரில் பெருந்தொல்லை. ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளியில் ஒவ்வொரு புடைப்பும் தனக்கொரு நிழலைப் போட்டு, முகமெல்லாம் வலை விரித்ததுபோல் ஆக்கிவிடும். படத்தை மங்கலாக்கி வலையை மறைக்கலாம். கூடவே கண்களும் மறையும். இங்கே கைகொடுப்பது ஃபூரியே உருமாற்றம், அதாவது படத்தை வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகளாகப் பிரித்துக் காட்டும் கணித முறை. பாட்டுப் பதிவில் மின்விசிறியின் ரீங்காரம் குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஒலிப்பதால் அவற்றை மட்டும் அடக்கிவிட முடிகிறது அல்லவா? படத்திலும் அப்படியே. சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் எந்த வடிவமும் உருமாற்றத்தில் சில பிரகாசமான புள்ளிகளாகத் திரண்டு நிற்கும். அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் வலை இருக்காது. முகம் அப்படிச் சீராகத் திரும்பத் திரும்ப வரும் பொருள் அல்ல என்பதால் அதற்குப் பெரிய சேதம் இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. எதையும் புதிதாக வரையாமல், வேண்டாததை மட்டும் கழிக்கிறது.

நெகட்டிவ் கிடைத்தால் கீறலுக்கும் இதேபோல் ஒரு வழி உண்டு. வண்ண நெகட்டிவின் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. தூசும் கீறலும் தடுக்கும். ஆகவே சில ஃபிலிம் ஸ்கேனர்கள் அகச்சிவப்பில் இன்னொரு முறை பார்த்துக் குறைகளின் வரைபடத்தைத் தனியே எடுத்துக்கொள்கின்றன. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இது பலிக்காது. அதிலுள்ள வெள்ளி அகச்சிவப்பையும் மறைத்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் படத்தில் இருப்பதை வெளியே எடுப்பது. கிழிந்த, உதிர்ந்த இடத்தில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே ஊகம் தொடங்குகிறது.

ஊகத்திலும் தரம் உண்டு. 2000-இல் பெர்டால்மியோ என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கணினி முறை, ஓவியச் சீரமைப்பாளர்கள் ஓட்டையை விளிம்பிலிருந்து உள்நோக்கி நிரப்புவதைப் பின்பற்றியது. ஓட்டையின் கரையில் வந்து முட்டும் கோடுகளை அதே திசையில் உள்ளே நீட்டிக்கொண்டே போகும். மெல்லிய கீறலுக்கு இது போதும். பெரிய ஓட்டையில் குழம்பிவிடும். 2009-இல் வந்த பேட்ச்மேட்ச் என்ற முறை வேறு வழியில் போனது. ஓட்டைக்குப் பொருந்தும் துண்டுகளைப் படத்தின் மற்ற இடங்களிலிருந்து தேடி ஒட்டுவது அதன் வேலை. எல்லா இடத்தையும் தேடினால் பொழுது விடிந்துவிடும். அதனால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது எடுக்கும். தற்செயலாக ஒரு துண்டுக்கு நல்ல பொருத்தம் அமைந்துவிட்டால், பக்கத்துத் துண்டு அதற்கு அருகிலேயே தனக்கும் தேடிக்கொள்ளும். சில சுற்றுகளில் வேலை முடிந்துவிடும். சுவர், தரை, வானம், புல் போன்றவற்றில் இந்த முறை தோற்பது அரிது. ஆனால் முகத்தை எடுத்து ஒட்ட, படத்தில் அதே முகம் இன்னொன்று இருக்காது.

முகத்தை இன்று செயற்கை நுண்ணறிவு நிரப்பித் தருகிறது. அதன் அழகில் மயங்குமுன் ஒரு கணக்கைப் பார்ப்போம். கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவரின் முகம் 16-க்கு 16 பிக்சல், அதாவது 256 எண்கள். அதை 1024-க்கு 1024 ஆகப் பெரிதாக்கினால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் வேண்டும். தெரிந்த ஒவ்வோர் எண்ணுக்கும் தெரியாத நாலாயிரம் எண்கள்! சுருக்கினால் அதே 256 எண்களைத் தரக்கூடிய முகங்கள் எண்ணற்றவை. அவற்றில் ஒன்றைத்தான் அந்த நிரல் தருகிறது, தான் பயிற்சியில் பார்த்த முகங்களின் சாயலில். 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற நிரலிடம் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளையர் முகம் வெளியே வந்தது. பின்னால் வந்த நிரல்கள் கைதேர்ந்தவை. ஆனால் கணக்கு மாறவில்லை. கூர்மையான இமைமுடிகளோடு திரும்பி வரும் கொள்ளுப்பாட்டி, யாரோ ஒருவரின் இமைமுடிகளைக் கடன் வாங்கியிருக்கிறார்.

வண்ணமேற்றுவதும் இந்த வகைதான். வெவ்வேறு வண்ணங்கள் ஒரே சாம்பலாகப் பதிந்திருக்கலாம். போதாக்குறைக்கு, பழைய ஃபிலிம்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. பளிச்சென்ற சிவப்புத் துணி அவற்றில் கறுப்பாகவே விழும். அந்தக் கறுப்பைப் பார்த்துச் சிவப்பு என்று சொல்ல எந்த நிரலாலும் இயலாது. உடுத்தியவரை நினைவில் வைத்திருப்பவரால்தான் முடியும்.

நிரப்பவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நிரப்பியது தெரியவேண்டும். ரோம் நகரில் 1940-களில் கலைச் சீரமைப்பு அறிஞர் செசாரே பிராண்டியின் வழிகாட்டலில் சிதைந்த ஓவியங்களைச் சீர்படுத்தியவர்கள், உதிர்ந்த இடங்களை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பினார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். நெருங்கினால் எது பழையது, எது புதியது என்று கண் பிரித்துவிடும். கணினியில் இதற்கு இணையானது தனி லேயர், அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள்போல் விரிக்கும் தனி அடுக்கு. தொடாத ஸ்கேன் ஒரு கோப்பாக அப்படியே இருக்கட்டும். ஊகித்ததெல்லாம் அதன் மேல் வேறு லேயரில் நிற்கட்டும். வேண்டாதபோது அணைத்துவிடலாம்.

அந்த இரண்டாவது படத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. குழுவாக எடுத்த படங்களுக்கு ஒரே நெகட்டிவிலிருந்து ஆளுக்கொரு பிரதி போடுவது வழக்கம். முகம் உதிர்ந்தவரின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று விசாரித்து, அவருடைய பேரப்பிள்ளைகளின் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். பிரதி கிடைத்தால் அதையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று பொருத்தி, அந்த ஒரு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிரதி எவ்வளவு மங்கியிருந்தாலும் சரி.