யூனிவர்சல் ஜாயிண்ட்: ‘உலகளாவிய மூட்டு’ அல்ல, எத்திசை மூட்டு

பழைய பிக்கப் வண்டி ஒன்றின் அடியில் படுத்திருந்த பையன், கைப்பேசியில் இருந்த பராமரிப்புக் குறிப்பைச் சத்தமாகப் படித்தான்: “உலகளாவிய மூட்டில் விளையாட்டு உள்ளதா எனச் சரிபார்க்கவும்.” படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “கிராஸ்ல ஆட்டம் இருக்கான்னு பாருப்பா” என்றேன். அடுத்த நொடி அவன் கை, சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்திருந்தது. அந்தத் தண்டு சாய்ந்தபடியே சுழல வழிசெய்யும் இணைப்புதான் யூனிவர்சல் ஜாயிண்ட்; குறிப்பில் ‘உலகளாவிய மூட்டு’ என்றிருந்தது அதைத்தான். கிராஸ் என்பது அதன் நடுத்துண்டு.

லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘வெர்சுஸ்’ என்றால் திரும்பியது. இரண்டும் சேர்ந்து ‘ஒன்றாகத் திரண்ட முழுமை’ என்ற பொருள் வந்தது. அதிலிருந்து ‘எல்லாவற்றுக்கும் உரியது’. இந்த மூட்டுக்கு யூனிவர்சல் என்ற பெயரை 1676இல் ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் எழுத்தில் வைத்தார். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இத்தாலியரான கார்டானோவின் பெயரால் கார்டான் மூட்டு என்கிறார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

ஹூக்கின் ‘யூனிவர்சல்’ உலகத்தைக் குறிப்பதல்ல, திசையைக் குறிப்பது. தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுழற்சி அறுபடாமல் போகும் என்பதுதான் செய்தி. மனித உரிமைக்கு ‘உலகளாவிய’ என்று எழுதுங்கள், பொருந்தும். ஒரு கைப்பிடி அளவு இரும்புக்கு அது எப்படிப் பொருந்தும்? அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. ‘பொது மூட்டு’ என்பதும் அதே தவறுதான். எதற்குப் பொது?

‘நெகிழ்மூட்டு’ என்று எழுதுகிறவர்கள் தமிழ்ப்பற்றோடுதான் எழுதுகிறார்கள், ஆனால் பொருளைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். இதில் நெகிழ்வது எதுவும் கிடையாது. கவட்டை போலப் பிரிந்த இரண்டு இரும்புக் கவைகள், நடுவே ஒரு சிலுவை, அதன் நான்கு முனைகளிலும் ஊசி உருளைகள் நிறைந்த நான்கு கிண்ணங்கள், அவ்வளவுதான். ரப்பர் வைத்து நெகிழும் இணைப்பு வேறு சாமான். அதன் பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால் அதை என்னவென்று அழைப்பது?

என் முடிவு: முழு இணைப்புக்கு எத்திசை மூட்டு, நடுத்துண்டுக்குச் சிலுவை. பட்டறைக்காரர்கள் சொல்லும் ‘கிராஸ்’ அப்படியே தமிழில் வந்துவிடுகிறது. கவட்டை தெரிந்தவருக்குக் கவையும் புரியும்.

சொல் தெளிவாக இருந்தால் சோதனையும் தெளிவாக இருக்கும். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வை. மூட்டின் இரு பக்கக் கவைகளையும் பிடித்து எதிரெதிராகத் திருகு. துளி ஆட்டம் இருந்தாலும் சிலுவையை மாற்ற வேண்டும். கழற்றும் முன் தண்டிலும், அதைப் போல்ட்டால் பிணைக்கும் தட்டான ஃபிளாஞ்சிலும் குறியிடு. மாறி மாட்டினால் அதிரும். அப்புறம் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பார். ஓடும்போது முன் மூட்டு உடைந்தால் தண்டு தரையில் குத்திக்கொள்ளும். உயிர் போகிற இடத்தில், ‘ப்ளே’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘விளையாட்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘ஆட்டம்’ என்று எல்லாப் பட்டறையிலும் நல்ல தமிழ்ச் சொல் புழங்கும்போது!

டிரைவ்டிரெய்னுக்கு ‘ஓட்டுநர் ரயில்’ என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். கிளட்சிலிருந்து சக்கரம் வரை விசையைக் கைமாற்றும் பாகங்களின் வரிசை அது; ‘விசைத்தொடர்’ என்றால் முடிந்தது. மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஒரு தடவை வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கட்டும். அல்லது குனிந்து பார்த்தவர்களைக் கேட்கட்டும்.

அந்தப் பையன் திருகிப் பார்த்தான். “லேசா ஆடுதுண்ணே.” விளக்கடித்தேன். கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல்பொடி போலத் துரு. கிரீஸ் வறண்டு ஊசி உருளைகள் அரைபட்டிருந்தன. வண்டியை நிறுத்திவைத்து, புதுச் சிலுவை வாங்கிவர அனுப்பினேன்.