லோகோ துண்டு துண்டாக வந்து சேர வேண்டுமா? முதலில் அசல் கோப்பைத் தேடுங்கள்

போன வாரம் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைத் திறப்பு விழா. அதற்கு இரண்டு நாள் முன்பு கடைக்காரரான ஆச்சி, விழாத் திரையில் ஓட்ட லோகோ அசையும் காணொளி ஒன்று கேட்டு என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கடை லோகோவில் ஒரு நிலைவாசல், அதன் மேல் தாமரை, கீழே கடையின் பெயர். "தாமரை இதழ் இதழாகப் பறந்து வர வேண்டும் தம்பி. வாசல் தூண் தூணாக எழும்ப வேண்டும். கடைசியில் பெயர் வந்து உட்கார வேண்டும்" என்றார். அருமையான யோசனை. "லோகோ கோப்பு இருக்கிறதா ஆச்சி?" என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. விசிட்டிங் கார்டை மேசையில் வைத்து எடுத்த ஃபோட்டோ. கார்டின் ஓரத்தில் டம்ளர் நிழல் விழுந்திருந்தது.

இப்படி வருவது இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆச்சியை நான் குறை சொல்லவில்லை. லோகோ வரைந்து பணம் வாங்கியவர் அசல் கோப்பைக் கொடுக்கவே இல்லை. கேட்டு வாங்க வேண்டும் என்று ஆச்சிக்கும் யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "படம்தான் கண்ணெதிரே இருக்கிறதே, கம்ப்யூட்டரில் பிரித்துக்கொள்ள முடியாதா?" முடியாது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் பச்சையை மாற்றலாம், சிவப்பைக் கூட்டலாம். அச்சைத் தூக்கி, மேலே கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த பிறகு அந்தக் கல்லைக் கொண்டுவந்து "சிவப்பை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் யாரால் முடியும்? ஆச்சி அனுப்பியது போன்ற ஜேபெக் படம் இறுகிப்போன கல். அதில் தாமரை என்றோ தூண் என்றோ எதுவும் இல்லை. நிறப் புள்ளிகள் மட்டும்தான் இருக்கின்றன.

சரி, கத்தரித்து எடுக்கலாமே என்பார்கள். ஆச்சியின் லோகோவில் முன்னிதழ் ஒன்று வாசலின் மேல்வளைவை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த இதழைக் கத்தரித்து நகர்த்தினால் பின்னால் வளைவு இருக்காது, இதழ் வடிவத்தில் ஓர் ஓட்டைதான் இருக்கும். மறைந்திருக்கும் பகுதியை யாராவது வரைந்திருந்தால்தானே அது அங்கே இருக்கும்? லோகோவைக் கோடுகளாக வரைந்து வைத்த அசல் கோப்பில், அதாவது வெக்டர் கோப்பில், அது முழுதாக இருக்கும். அங்கே ஒவ்வொரு வடிவமும் தனித்தனிக் கோடு. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கலங்காது.

படத்தைத் தானாக வெக்டராக்கும் வசதியைச் சொல்பவர்களும் உண்டு. அது நிறம் மாறும் இடத்தில் கோடு போடும், அவ்வளவுதான். டம்ளர் நிழலையும் ஓர் இதழாக எண்ணிக்கொள்ளும். வட்டம் உருளைக்கிழங்கு போல வரும். இன்னும் சிலர் ஜேபெக்கை ஒரு பிடிஎஃபுக்குள் வைத்து "இதுதான் அசல்" என்று அனுப்புகிறார்கள். தயவுசெய்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். போனில் அந்த பிடிஎஃபைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கலங்கினால் அது வெறும் படம்.

தமிழ்ப் பெயர் இருந்தால் சிக்கல் இரண்டு மடங்கு. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு வராத பழைய எழுத்துருவில் அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். அதனால் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிரதி ஒன்று, எழுத்துருவின் பெயருடன் மாற்றாத பிரதி ஒன்று என்று இரண்டையும் வாங்கி வையுங்கள்.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கோட்டு வடிவமாக்கியதும் 'கொ' மூன்று துண்டாகிவிடும்: கொம்பு, ககரம், கால். 'க்' இரண்டு துண்டு. துண்டுக்குத் துண்டு ஆறு ஃபிரேம் (ஒரு ஃபிரேம் என்பது காணொளியின் ஒரு தனிப்படம்) இடைவெளி விட்டு அவற்றை அப்படியே வரிசையாகப் பறக்கவிட்டால், 'க்' எழுத்தின் மேல்புள்ளி ககரத்துக்கு அவ்வளவு தாமதமாக வந்து சேரும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் ஏறக்குறைய கால் நொடி நேரம் பெயர் தவறாக நிற்கும். ஒவ்வோர் எழுத்தையும் முதலில் ஒன்றாகக் கட்டிவிடுங்கள், பிறகு அசையுங்கள். வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் எல்லாம் ஒரே லேயரில் (அடுக்கில்) இருந்தால், அசைவூட்டும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் ஒரே துண்டாகத்தான் வரும். இல்லஸ்ட்ரேட்டரிலேயே பிரித்து, பெயரிட்டுக் கொண்டு வாருங்கள். முடிவு நிலைக்கு முதலில் கீஃபிரேம் (துண்டு எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறி) போட்டுவிட்டு, பிறகு பின்னோக்கிப் போய்த் துண்டுகளைச் சிதறவையுங்கள். தொட்டுக்கொண்டு நிற்கும் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை போல வெளிச்சம் தெரியும். கடைசி ஃபிரேமில் முழு லோகோவை ஒரே லேயராக வைத்து மாற்றினால் அது போய்விடும்.

கடைக்காரர்களே, லோகோவுக்குப் பணம் கொடுக்கும் அன்றே ஏஐ (இல்லஸ்ட்ரேட்டர் கோப்பு), இபிஎஸ், எஸ்விஜி ஆகிய வெக்டர் கோப்பு வகைகளில் ஒன்றைக் கேளுங்கள். அச்சகத்தில் கோரல்டிரா என்ற மென்பொருளில் வரைந்திருந்தால் அந்தக் கோப்போடு இபிஎஸ் அல்லது எஸ்விஜி பிரதியும் கேளுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கோரல்டிரா கோப்பை நேரடியாகத் திறக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஃபோட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வையுங்கள். வேலை முடிந்ததும் காணொளியின் பின்னணி இல்லாத பிரதியையும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் வழக்கமான எம்பி4 கோப்பில் பின்னணி நீங்காது. நீளம் ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம். அதிலும் கடைசி இரண்டு நொடி லோகோ அசையாமல் நிற்கட்டும். மக்கள் பெயரைப் படிக்க வேண்டும் அல்லவா? திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் வராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆச்சிக்காக இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக வரைந்தேன். இதழ்களும் தூண்களும் சரியாக வந்தன. பெயரின் எழுத்துரு எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஃபோட்டோவைப் பார்த்து வளைவு வளைவாக இழுத்தேன். விழா அன்று எல்இடி திரையில் இதழ்கள் சேர்ந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். ஆச்சி திரையைப் பார்த்தார், வாசலுக்கு மேலே இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார். "பலகையில் இருக்கிற ழகரம் இப்படி இல்லையே தம்பி" என்றார். உண்மைதான். கீழ்வளைவு கொஞ்சம் அகலமாகிவிட்டது.

அன்று மாலையே லோகோ வரைந்தவருக்குப் போன் செய்தார். கணினி மாற்றியபோது பழைய கோப்புகள் எல்லாம் போய்விட்டனவாம்.