டாய் ஹாலர் இழுக்க எந்த லைசென்ஸ்? கலிபோர்னியா விதியும் பாரக் கணக்கும்

முன்பக்கம் கட்டிலும் அடுப்பும், பின்பக்கம் மணல் வண்டியை, அதாவது மணல்மேடுகளில் பொழுதுபோக்காக ஓட்டும் வண்டியை, ஏற்றிக்கொள்ள ஒரு கராஜ். இந்த வகை டிரெய்லருக்கு அமெரிக்காவில் டாய் ஹாலர் என்று பெயர். குளிர்காலம் வந்துவிட்டால் தென் கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளை நோக்கி இவை வரிசை கட்டும். வாங்குகிறவர்கள் விலையைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். லைசென்ஸைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

கார் ஓட்டுகிறவர்களிடம் பொதுவாக இருப்பது சி வகுப்பு லைசென்ஸ். சொந்த உபயோகத்துக்கு, 10,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 4,536 கிலோவுக்கு மேற்படாத டிரெய்லரை இழுக்க அது போதும். அதைத் தாண்டினால் வணிகம் சாராத ஏ வகுப்பு வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வோடு, டிரெய்லரைப் பூட்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. பிக்கப் டிரக்கின் தட்டுக்குள் பூட்டும் ஃபிஃப்த் வீல் வகைக்கு மட்டும் ஒரு சலுகை: 10,000க்கு மேல் 15,000க்குள் என்றால், சி வகுப்பிலேயே கூடுதல் அனுமதி பெற்றுக்கொள்ளலாம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. இங்கே எடை என்பது இன்றைக்கு வண்டி இருக்கும் எடை அல்ல. தயாரிப்பாளர் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் உச்ச எடை. ‘வண்டி காலிதானே’ என்ற வாதம் எடுபடாது. 9,995 என்று ஸ்டிக்கர் தாங்கிய டிரெய்லர்கள் விற்பனைக்கு வருவதன் சூட்சுமமும் இதுதான்.

அந்த எண் லைசென்ஸைக் காப்பாற்றும், ஆனால் சரக்குக்கான இடத்தைத் தின்றுவிடும். கதவின் உட்புறம் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு சரக்கு ஏற்றலாம், தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் அதில் எவ்வளவு போய்விடும் என்று அது சொல்லும். அமெரிக்க மத்திய அரசு விதிப்படி அது இருந்தாக வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். அந்த 9,995இல் டிரெய்லரின் காலி எடை 7,700 என்றால் மிச்சம் 2,295 பவுண்டு. மணல் வண்டிக்கு 1,500 போனால் 795. காலனுக்கு 8.3 பவுண்டு வீதம் 80 காலன் தண்ணீர் 664. கையில் நிற்பது 131. அதன் மேல் 30 காலன் பெட்ரோல் பிடித்தால் 180 பவுண்டு, வரம்பு தாண்டிவிட்டது. அரிசி மூட்டையும் நாற்காலிகளும் இன்னும் ஏறவே இல்லை.

மொத்த எடை சரியாக இருந்தாலும் போதாது. மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பாரே, அதே கணக்கு இங்கும் உண்டு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை டிரக்கோடு பூட்டும் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும். டாய் ஹாலரில் கராஜ் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், வண்டியை ஏற்றியதும் கொக்கிப் பாரம் குறையும், இறக்கியதும் கூடும். இரண்டு நிலையையும் டிரக் தாங்க வேண்டும்.

டிரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் பூட்டிய நிலையில் ஒருமுறை, டிரக்கை மட்டும் ஒருமுறை நிறுத்தினால் விடை கிடைத்துவிடும். டிரெய்லரின் மொத்த எடை 9,800, அதன் அச்சுகளில் 8,900 என்று சீட்டு சொன்னால் கொக்கியில் இருப்பது 900. பத்து சதவீதத்துக்கு 80 பவுண்டு குறைவு. மணல் வண்டியை ஓரடி முன்னுக்குத் தள்ளிக் கட்டிவிட்டு மறுபடி மேடையேற வேண்டியதுதான்.

கிளம்பிய பிறகு வேக வரம்பு 55 மைல். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் அதுதான்.