ஒவ்வாமை அன்று, தன்தாக்கு விளைவு

மெலனோமா என்னும் தோல் புற்றுக்கு அளிக்கப்படும், உடலின் தடுப்பாற்றலையே புற்றின்மேல் ஏவிவிடும் தடுப்பாற்றல் சிகிச்சையைப் பற்றித் தமிழில் வரும் கையேடுகளிலும் காணொளிகளிலும் ‘இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும்’ என்னும் தொடரைப் படித்தும் கேட்டும் சலித்துவிட்டது. தோல் அரித்தால் ஒவ்வாமை, வயிறு போனால் ஒவ்வாமை, தைராய்டு சுரப்பி செயலிழந்தாலும் ஒவ்வாமை என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள். நடைக் குறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நோயாளி அடுத்து என்ன செய்வார் என்பதையே மாற்றிவிடக்கூடிய பொருட்பிழை இது.

முதலில் சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் ‘மெலாஸ்’ என்றால் கருமை; ‘ஓமா’ என்பது கட்டியைக் குறிக்கும் பின்னொட்டு. தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்களில் தோன்றும் புற்று ஆதலால் மெலனோமா. ‘கரும்புற்று’ என்று பெயர்க்கலாம்தான், ஆயினும் நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு என்பதால் மூலச்சொல்லை அப்படியே ஆள்வது தெளிவு. ‘இம்யூனிட்டி’ என்பதன் வேர் இலத்தீனில் உள்ள ‘இம்யூனிஸ்’: பொதுக்கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவர் என்று பொருள். நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’க்கு மிக நெருங்கிய சொல் அது. இதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நோய்த்தடைகாப்பு என்கின்றன, இலங்கையில் நிர்ப்பீடனம் என்பார்கள், நாளிதழ்களுக்கோ நோய் எதிர்ப்பு சக்தி. நான் தடுப்பாற்றல் என்று எழுதுகிறேன். சிறியது, பெயரடையாக்கவும் எளியது.

‘ஒவ்வாமை’ நல்ல தமிழ்ச்சொல். ஒத்துப்போதல், பொருந்துதல் என்னும் பொருளுடைய ‘ஒவ்வு’ என்பதன் எதிர்மறை. ‘சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்’ என்று வள்ளுவர் ஆண்ட அதே வேர்தான். 1906-இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே, கிரேக்கத்தின் ‘வேறு’, ‘செயல்’ ஆகிய இரு சொற்களை இணைத்து ‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கினார். வெளியிலிருந்து வரும் ஒரு பொருளுக்கு உடல் வேறுவிதமாக எதிர்வினையாற்றுவதைக் குறிக்கும் அதற்கு ‘ஒவ்வாமை’ மிகச் சரியான தமிழ். வேர்க்கடலை ஒவ்வாமை, பெனிசிலின் ஒவ்வாமை என்று சொல்லும்போது ஒரு குறையும் இல்லை. குறை, அதைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

அந்த இடத்தில் நடப்பது என்ன? நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒருவகையான டி-செல்கள் கண்மண் தெரியாமல் பாய்ந்துவிடாதபடி இயற்கை அவற்றுக்குக் கடிவாளங்களை மாட்டி வைத்திருக்கிறது. சி.டி.எல்.ஏ-4 ஒரு கடிவாளம், பி.டி-1 இன்னொன்று. புற்றுச் செல்கள் இந்தக் கடிவாளங்களைத் தாங்களே பிடித்திழுத்துத் தப்பிவிடுகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டால் டி-செல்கள் புற்றைத் தாக்கும் என்பதே ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்ஜோவும் தனித்தனியே செய்த ஆய்வுகளின் சாரம். 2018-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதல் கடிவாளத்தைக் கழற்றும் மருந்தான இபிலிமுமாப் 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரண்டாவதைக் கழற்றும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-இல் வந்தன. பரவிய மெலனோமா என்றால் மாதக்கணக்கில் நாளெண்ணிய காலம் போய், இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுள் 43 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர் என்று பெரிய ஆய்வொன்று 2024-இல் காட்டியது.

கழற்றிய கடிவாளம் புற்றின் திசையில் மட்டும் கழன்றிருப்பதில்லை. டி-செல்கள் குடலையும் தாக்கலாம். தோல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி ஆகியவற்றையும், அரிதாக இதயத் தசையையும் தாக்கலாம். மேற்சொன்ன ஆய்வின் 2015-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினருக்கு கடுமையின் அளவுகோலில் மூன்றாம் அல்லது நான்காம் நிலையிலான கடும் விளைவுகள் வந்தன. இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களுள் இது 27, நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களுள் 16 விழுக்காடு. இதில் எந்த இடத்தில் உடலுக்கு மருந்து ‘ஒவ்வவில்லை’? மருந்து எதைச் செய்ய வந்ததோ அதையே செய்திருக்கிறது, செய்ய வேண்டிய இடத்தோடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மறுக்க முடியாத சான்று வெண்புள்ளி. இந்தச் சிகிச்சை பெறும் மெலனோமா நோயாளிகளுள் சிலருக்குக் கையிலும் முகத்திலும் நிறம் போய் வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றன. புற்றாகிப்போன நிறமிச் செல்லைத் தேடும் டி-செல், புற்றாகாத நிறமிச் செல்லையும் அதே அடையாளத்தைக் கண்டு அழிப்பதால் வருவது அது. வெண்புள்ளி தோன்றியவர்களிடம் சிகிச்சை நன்றாகப் பலிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்குப் போய் ‘தோல் ஒவ்வாமை’ என்று ஒரு கையேடு எழுதுமானால், நற்குறியாக இருக்கக்கூடிய ஒன்றை நோயாளியிடம் தீக்குறியாக்கிக் காட்டுகிறது என்றே பொருள். ‘வெண்குஷ்டம்’ என்னும் கொடுஞ்சொல்லை அகற்றி ‘வெண்புள்ளி’யை நிலைநிறுத்த எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நோயின் பெயர் பிழைத்தால் நோயாளியின் வாழ்வு எப்படியெல்லாம் சிதையும் என்பதற்கு நம் கண்முன்னே உள்ள எடுத்துக்காட்டு அது.

‘ஒவ்வாமை’க்குப் பரிந்து பேசுவோர் சொல்லும் காரணங்கள் இரண்டு. முதலாவது, மக்கள் பேச்சிலேயே ‘மருந்து ஒத்துக்கல’ என்றுதானே வழங்குகிறது, அதன் எழுத்து வடிவந்தானே ஒவ்வாமை என்பது. பேச்சுவழக்கை மதிப்பவன்தான் நானும். ஆனால் அந்தத் தொடரோடு ஒரு நடைமுறையும் சேர்ந்தே வருகிறது: ஒத்துக்கொள்ளாத மருந்தை நிறுத்திவிட வேண்டும், ஒரு செட்ரிசின் போட்டுக்கொள்ள வேண்டும், இனி அதன் பக்கமே போகக் கூடாது. இங்கே அந்த நடைமுறை ஆபத்தானது. வழக்கத்தைவிட நாளுக்கு நான்கைந்து முறை கூடுதலாக வயிறு போகிறது என்றால் அது இரண்டாம் நிலைக் குடல் அழற்சியாக இருக்கலாம். ‘ஒவ்வாமைதான், சரியாகிவிடும்’ என்று மெடிக்கலில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பொறுத்திருப்பவருக்குக் குடலில் துளை விழும்வரைகூட அது முற்றக்கூடும். உடனே சிகிச்சைக் குழுவுக்குத் தெரிவித்தால் ஸ்டீராய்டு தொடங்கிப் பெரும்பாலும் அடக்கிவிடலாம். அதற்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் மருந்து இருக்கிறது.

இரண்டாவது காரணம், ஒவ்வாமைக்கும் ஸ்டீராய்டு, இதற்கும் ஸ்டீராய்டு, ஆகவே இரண்டும் ஓரினம் என்பது. மருந்து ஒன்றாக இருப்பதால் நோய் ஒன்றாகிவிடாது. ஒவ்வாமைக்குச் சில நாள்களில் முடியும் ஸ்டீராய்டை, இங்கே நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேலும் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டியிருக்கிறது. தைராய்டோ பிட்யூட்டரியோ பாதிக்கப்பட்டால் கதையே வேறு: குறைந்துபோன ஹார்மோனை மாத்திரையாக, பலருக்கு வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டும், உடல்நிலை சீரானபின் புற்றுமருந்தை அவர்கள் தொடரவும் முடியும். ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் எந்த மருத்துவர் அதே மருந்தை மறுபடி கொடுப்பார்? கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையால் ‘அலர்ஜி’ என்று ஒருமுறை ஏறிவிட்டால் அது எளிதில் இறங்காது.

இவ்வளவுக்கும் மேலாக, இந்த மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமையும் உண்டு. நரம்பு வழியே மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதோ, ஏறி முடிந்த சில மணி நேரத்திற்குள்ளோ காய்ச்சல், நடுக்கம், மூச்சுத் திணறல் வருவது சிலருக்கு நேர்கிறது. மருந்து ஏறும் அறையிலேயே செவிலியர் கவனித்து நிறுத்தும் நிகழ்வு அது. வாரங்கள் கழித்து வீட்டில் இருக்கும்போது வருவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், ‘முதல் ஊசி ஏறியபோது ஒன்றும் ஆகவில்லை, ஆகவே எனக்கு ஒவ்வாமை இல்லை’ என்று நோயாளி நிம்மதியடைந்துவிடுவார். அந்த நிம்மதிக்கு அடிப்படையே கிடையாது.

நாளிதழ்கள் விரும்பும் ‘பின்விளைவு’ம் இங்கே உதவாது. சிகிச்சை முடிந்தபின் வருவது என்றோ ஒரு செயலின் தொலைதூரப் பயன் என்றோதான் அச்சொல்லைத் தமிழர் புரிந்துகொள்வர். தன் தடுப்பாற்றலே தன்னுடலைத் தாக்குவதால் வரும் இந்தத் தன்தாக்கு விளைவுகளோ தோலில் இரண்டு மூன்று வாரத்திலும், குடலில் பெரும்பாலும் இரண்டு மாதத்திற்குள்ளும், சுரப்பிகளில் இன்னும் பிந்தியும் தோன்றுவன. கடைசி ஊசி போட்டு மாதங்கள் கழித்தும் வருவதுண்டு. ‘பக்கவிளைவு’ என்பது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்புதான் என்றாலும் ஊன்றிவிட்ட சொல். ‘பக்கம்’ பகு என்னும் வேரில் பிறந்ததா வடசொல்லா என்ற வழக்கை இங்கே இழுக்கத் தேவையில்லை. எல்லா மருந்துக்கும் பொதுச்சொல்லாக அது இருக்கட்டும். அதற்குள் இந்த வகைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பதே என் வாதம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு மனக்குறையும் உண்டு. மூலத்தில் நுரையீரல் அழற்சி என்று இருப்பதை ‘நுரையீரல் தொற்று’ என்றும், கல்லீரல் அழற்சியை ‘மஞ்சள் காமாலை’ என்றும் எழுதுகிறார்கள். இங்கே கிருமியே இல்லை. தொற்று என்று படித்தவர் ஆன்டிபயாட்டிக் கேட்டுத்தான் போவார். அழல் என்னும் சொல்லிலிருந்து பிறந்த ‘அழற்சி’ இருக்க, அதை ஏன் ஒதுக்க வேண்டும்? இம்மருந்துகளின் வகைப்பெயரான ‘செக்பாயின்ட் இன்ஹிபிட்டர்’ என்பதைச் ‘சோதனைச் சாவடித் தடுப்பான்’ என்று பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சாவடியைத் தடுப்பதா, சாவடியில் தடுப்பதா என்று தமிழ் மட்டும் அறிந்தவருக்கு விளங்க வழியே இல்லை. ‘தடைநீக்கி மருந்து’ என்றால் போதும். அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வைக்கும் முன், அந்தப் பொருள் உடலுக்குள் என்ன செய்கிறது என்று ஒரு மருத்துவரிடம் கேட்டறியும் பொறுமை வேண்டும். நுரையீரல், சிறுநீரகப் புற்றுகளுக்கும் இதே மருந்துகள் தரப்படுவதால், மெலனோமா குறைவாகவே காணப்படும் தமிழரிடையிலும் இந்தச் சொற்கள் அன்றாடம் தேவைப்படத் தொடங்கிவிட்டன.

நான் முன்மொழிவது ‘தன்தாக்கு விளைவு’. தன்னுடல் தாக்குநோய் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதன் உறவை இது காட்டும். தாக்குவது மருந்தன்று, தன் தடுப்பாற்றலே என்று சொல்லும். எளிதில் வாயில் நுழையும். ‘தடுப்பாற்றல்வழிப் பாதக நிகழ்வு’ என்பது ‘இம்யூன் ரிலேட்டட் அட்வர்ஸ் ஈவன்ட்’ என்னும் ஆங்கில மூலத்திற்கு நேராக இருந்தாலும், மூச்சிரைக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் பேசுபவர் சொல்லக்கூடிய தொடரா அது?

இச்சிகிச்சை பெறுவோருக்குச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஓர் எச்சரிக்கை அட்டை தரும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தமிழில் அதை அச்சிடுவோர் ‘எனக்கு இம்மருந்து ஒவ்வாமை தரும்’ என்று எழுதாமல் இவ்வாறு எழுதலாம்: ‘நான் தடைநீக்கி மருந்து பெற்றவர். எனக்குப் புதிதாக வரும் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், கடும் சோர்வு, தலைவலி எதுவும் தன்தாக்கு விளைவாக இருக்கலாம். கடைசி ஊசி போட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தாலும் இருக்கலாம். சிகிச்சை தொடங்குவதோடு என் புற்றுநோய் மருத்துவரையும் உடனே அழையுங்கள்.’