மின்னணுக் கழிவுத் தொழில்: விதிகள் யாருக்குப் பணம் தருகின்றன?

பழைய கணினி, கைப்பேசி, சலவை இயந்திரம் ஆகியவற்றை வாங்கிப் பிரித்து விற்பதைத் தொழிலாக எடுத்துச் செய்ய இன்று பலர் முன்வருகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் இந்தத் தொழிலில் உலோகத்தின் விலை வருமானத்தில் ஒரு பகுதிதான். மீதி வருமானம் அரசு விதி ஒன்றிலிருந்து பிறக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் முதல் போடுவது ஆபத்து.

அந்த விதி, மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022. 2023 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய 2016 விதிகள் 21 வகைப் பொருள்களைத்தான் தொட்டன; இப்போது 106 வகைகள். கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டியோடு விளையாட்டுப் பொம்மைகள், மருத்துவக் கருவிகள், சூரியத் தகடுகளும் உள்ளே வந்துவிட்டன. பேட்டரிகளுக்குத் தனி விதிகள் உண்டு.

விதியின் உயிர்நாடி ஒன்றே: பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர், அது பழுதாகி ஒழியும்வரை பொறுப்பு. தன் பெயரில் விற்பவர், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவர் எல்லாரும் இதில் அடக்கம். ஒரு பேச்சுக்கு, ஐந்தாண்டு ஆயுள் கொண்ட பொருளை ஒரு நிறுவனம் 2020-21இல் 1,000 டன் விற்றது என்று வைத்துக்கொள்வோம். 2025-26இல் அதில் 70 விழுக்காடு, அதாவது 700 டன், மறுசுழற்சி ஆனதற்கு அந்த நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் இந்த இலக்கு 60 விழுக்காடாக இருந்தது; 2027-28 முதல் 80 ஆகிறது.

நிறுவனம் தானே கழிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளரிடம், மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழை விலைக்கு வாங்கினால் போதும். அந்தச் சான்றிதழ்தான் மறுசுழற்சியாளரின் இரண்டாவது வருமானம்.

இங்கே கவனிக்க வேண்டியது, எத்தனை டன் கழிவு ஆலைக்குள் வந்தது என்பதைப் பார்த்துச் சான்றிதழ் தருவதில்லை. எவ்வளவு உலோகம் மீட்கப்பட்டது என்பதே கணக்கு. தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்குக்கும் சான்றிதழ் உருவாகிறது. ஒரு சர்க்யூட் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பில் பளபளக்கும் பட்டைகளில் மெல்லிய தங்கப்பூச்சு இருக்கிறது. முறைசாரா பட்டறைகளில் அதை அமிலத்தில் ஊறப்போட்டுத் தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிஞ்சிய நீரைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். செம்புக்காகக் கம்பிகளின் மேலுறையை எரிக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் குழந்தைகளும் உண்டு. இந்தக் கொடுமை நிற்க வேண்டுமானால் முறையாக மீட்பவருக்குக் கூடுதல் வருமானம் கிடைத்தாக வேண்டும். சான்றிதழ் அதற்காகவே வந்தது.

சான்றிதழை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் என்ன செய்வது? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. இலக்கை எட்டாத நிறுவனம் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். சான்றிதழின் விலை அந்த இழப்பீட்டுத் தொகையில் 30 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது, 100 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. இழப்பீடு கட்டிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நிறுவனம் கைகழுவவும் முடியாது. பாக்கி அடுத்த ஆண்டுகளுக்குத் தொடரும். ஓராண்டுக்குள் பாக்கியை முடித்தால் கட்டியதில் 85 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 30. அதன் பிறகு ஒன்றுமில்லை.

இந்த விதிகளிலேயே என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி, பழுதுபார்த்து மறுபடியும் பயன்பாட்டுக்கு விடுவதற்குக் கிடைத்திருக்கும் மதிப்பு. பதிவு செய்த புதுப்பிப்பாளர் ஒரு பொருளின் ஆயுளை நீட்டித்தால், அவரிடம் சான்றிதழ் வாங்கும் நிறுவனத்தின் மறுசுழற்சிக் கடமை அந்த நீட்டித்த காலத்துக்குத் தள்ளிப்போகிறது. காலம் முடிந்ததும் தள்ளிவைத்த அளவில் 75 விழுக்காடு மட்டுமே கடமையில் சேரும். கால்வாசி தள்ளுபடி! உடைத்து உருக்குவதைவிடத் திரையை மாற்றி, பேட்டரி போட்டு இன்னும் மூன்று ஆண்டு ஓட்டுவது மேல் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

குறுந்தொழில் நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தா. எனவே சிறிய பழுதுபார்ப்புக் கடைக்காரர் பதிவு செய்யவில்லை என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் பதிவு இல்லையென்றால் சான்றிதழும் இல்லை, அதன் பணமும் இல்லை. வீடு வீடாகச் சென்று பழைய சாமான் எடுப்பவர்களுக்கும் இதே நிலைதான். சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அவர்கள். சான்றிதழ் பணத்தில் அவர்களுக்கு நேரடிப் பங்கு கிடையாது. இது பெரிய குறை. விதிகளில் ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது: பிரித்தெடுப்பு, மறுசுழற்சி வேலை செய்பவர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது, குழு அமைக்க உதவுவது, திறன் பயிற்சி அளிப்பது, தொழிற்பூங்காவில் இடம் ஒதுக்குவது ஆகியவை மாநில அரசின் கடமை. தொழிலாளர் அமைப்புகள் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

முதலீடு செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு திட்டமும் இருக்கிறது. மின்னணுக் கழிவிலிருந்தும் பழைய லித்தியம் பேட்டரிகளிலிருந்தும் லித்தியம், கோபால்ட் போன்ற முக்கியக் கனிமங்களை மீட்பவர்களுக்காக 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குறித்த காலத்துக்குள் உற்பத்தியைத் தொடங்கினால் இயந்திரச் செலவில் 20 விழுக்காடு மானியம். நிதியில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கனிமத்தை உள்ளபடியே பிரித்தெடுப்பவருக்குத்தான் இது. கழிவைப் பொடியாக்கி விற்பதோடு நிற்பவருக்கு அல்ல.

ஒரு நிதியாண்டில் எந்த நேரத்திலாவது 1,000 கருவிகளாவது பயன்படுத்தும் அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை ஆகியவை மொத்தப் பயனாளர்கள். அவர்கள் பழையதைப் பதிவு பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அதிக விலை தருகிறார் என்று யாருக்கோ ஏலம் விடக் கூடாது. வீட்டில் பயன்படுத்துவோருக்கு விதிகளில் தனிக் கடமை எதுவும் எழுதப்படவில்லை. குப்பையோடு கலந்துவரும் மின்னணுக் கழிவைப் பிரித்தெடுத்துப் பதிவு பெற்றவரிடம் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் வேலை. உங்கள் பகுதியில் அதற்கான சேகரிப்பு ஏற்பாடு இல்லையென்றால், நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ மனு கொடுங்கள். மனுவில் 2022 விதிகளைக் குறிப்பிடுங்கள்.